தண்ணி கேனும் ஸ்கிப்பிங் கயிறும்

உடற்பயிற்சி பத்தி நம்ம கிளாஸ்ல யாரைக் கேட்டாலும் ரெண்டே பதில்தான் வரும். பசங்களைக் கேட்டா, "செம் முடியட்டும் மச்சி, ஜிம்ல சேரணும்" என்பாங்க. பொண்ணுங்களைக் கேட்டா, "வாக்கிங் போகணும்டி, நேரமே கிடைக்கல" என்பாங்க. எடை தூக்குறது ஆம்பளைங்க வேலை, நடக்குறதும் கயிறு தாண்டுறதும் பொம்பளைங்க வேலைன்னு எந்த சிலபஸ்லயும் இல்ல. ஆனா எல்லாரும் அதைத்தான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். எடைப்பயிற்சி, கார்டியோ ரெண்டுமே எல்லாருக்கும் வேணும். ரெண்டையும் ஒரே அரை மணி நேரத்துல, வீட்டுலயே, சர்க்யூட் முறையில கலந்து செய்ய முடியும். நல்லம்பள்ளி மாதிரி ஊர்ல இருந்து தினமும் பஸ் பிடிச்சு காலேஜ் வர்ற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

இப்போ என்ன அவசரம்?

நமக்கு 21 வயசு. சுகர், பிரஷர் எல்லாம் அப்பா அம்மா கவலைன்னு தோணும். ஆனா கணக்கைப் பாருங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஆய்வு 2023-ல வெளியாச்சு. நாட்டுல 10.1 கோடி பேருக்கு நீரிழிவு. இன்னும் 13.6 கோடி பேர் அதுக்கு முந்தைய படியில நிக்கிறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் வருஷத்துக்குப் போட்ட கணக்குல, இந்தியாவுல வளர்ந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் உடம்புக்குத் தேவையான அளவு அசையறதே இல்ல. ஆண்கள்ல 42 சதவீதம், பெண்கள்ல 57 சதவீதம். அந்த 15 சதவீத வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, அப்புறம் அதுக்கு வர்றேன்.

வீடு தேடி வந்து சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கினது எங்க தெரியுமா? பக்கத்து மாவட்டம் கிருஷ்ணகிரியில, சாமனப்பள்ளி கிராமத்துல. நல்ல திட்டம், குறை சொல்லல. ஆனா கிராமத்து வீட்டுக் கதவையே தட்டி மாத்திரை கொடுக்க வேண்டிய நிலைமை வந்துடுச்சுன்னா, 'அதெல்லாம் டவுன் ஆளுங்க வியாதி'ன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது.

நம்மள்ல பாதிப் பேர் அடுத்த வருஷம் ஓசூர்லயோ பெங்களூர்லயோ ஒரு நாற்காலியில ஒன்பது மணி நேரம் உக்காரப் போறோம். நம்ம ஊர் உடம்புக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. ஆள் ஒல்லியாத் தெரிவாங்க, வயித்துல மட்டும் கொழுப்பு சேர்ந்திருக்கும். அதனாலதான் இந்திய மருத்துவர்கள் இடுப்புச் சுற்றளவுக்குத் தனி எல்லை வச்சிருக்காங்க. ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. வீட்டுல தையல் டேப் இருந்தா இன்னைக்கே அளந்து பாருங்க. எலும்போட அடர்த்தி உச்சத்தைத் தொடுறதும் ஏறக்குறைய 30 வயசுக்குள்ளதான். அதுக்கு அப்புறம் சேமிப்பு கிடையாது, செலவு மட்டும்தான்.

ரெண்டும் வேணும்னு யார் சொன்னது?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல வெளியிட்ட வழிகாட்டியில ரெண்டு நிபந்தனை இருக்கு. ஒண்ணு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, இல்லைன்னா 75 முதல் 150 நிமிஷம் மூச்சு வாங்குற உழைப்பு. ரெண்டு, வாரத்துல குறைஞ்சது 2 நாள் பெரிய தசைகளுக்கெல்லாம் வலுப்பயிற்சி. ரெண்டுக்கும் நடுவுல 'அல்லது' இல்ல, 'மேலும்'தான் இருக்கு. புரோகிராம் எழுதுறவங்களுக்கு அந்த வித்தியாசம் நான் சொல்லணுமா?

நம்ம அரசாங்கம் 2023-ல ஒவ்வொரு மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை வச்சு 'நடப்போம் நலம் பெறுவோம்'னு ஆரம்பிச்சாங்க. வரவேற்கலாம். ஆனா நடை முதல் நிபந்தனையை மட்டும்தான் நிறைவேத்தும். அதே மாதிரி, வாரத்துக்கு நாலு நாள் நெஞ்சுக்கும் கைக்கும் மட்டும் எடை தூக்குற நம்ம பசங்க ரெண்டாவது நிபந்தனையோட பாதியோட நிக்கிறாங்க. போலீஸ் வேலைக்குத் தயாராகுற நண்பர்களைக் கேட்டுப் பாருங்க. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடி முடிச்சாத்தான் அடுத்து கயிறு ஏறவே விடுவாங்க. நுரையீரலும் வேணும், தோளும் வேணும்.

"கார்டியோ பண்ணா மசில் போயிடும்"னு ஒரு பயம் ஹாஸ்டல் ரூம் ரூமா சுத்துது. அதுக்கும் ஒரு மூலம் இருக்கு. 1980-ல ஹிக்சன்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு குழுவை 10 வாரம் ரெண்டையும் சேர்த்துச் செய்ய வச்சார். ஏழு வாரம் வரைக்கும் வலு நல்லா ஏறுச்சு. அப்புறம் நின்னுபோய், கடைசியில இறங்கவே ஆரம்பிச்சது. சொல்றவங்க இதோட நிறுத்திடுவாங்க. ஆனா அந்தக் குழு வாரத்துக்கு 5 நாள் கனமான எடை தூக்கினாங்க, 6 நாள் மூச்சு முட்ட ஓட்டமும் சைக்கிளும் பண்ணாங்க. நாம அப்படியா பண்ணப் போறோம்? 2022-ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை, ரெண்டையும் கலந்து செஞ்சாலும் தசை வளர்ச்சியும் அதிகபட்ச வலுவும் குறையறதில்லைன்னு சொல்லுது. வெடிச்சுக் கிளம்புற வேகத்துல மட்டும்தான் கொஞ்சம் பாதிப்பு. வாரத்துக்கு 3 நாள் அரை மணி நேரம் செய்யப் போற நமக்கு அது ஒரு பிரச்சினையே இல்ல.

சர்க்யூட்டுன்னா என்ன?

இ.இ.இ. நண்பர்கள் மன்னிக்கணும், இதுல கிர்ச்சாஃப் வரமாட்டார். ஐந்தாறு பயிற்சியை வரிசையா வச்சு, ஒண்ணு முடிச்சதும் அதிகம் நிக்காம அடுத்ததுக்குப் போய், கடைசி முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து சுத்தி வர்றதுதான் சர்க்யூட் பயிற்சி. 1953-ல இங்கிலாந்தோட லீட்ஸ் பல்கலைக்கழகத்துல மார்கன், ஆடம்சன்னு ரெண்டு பேர் இதை உருவாக்கினாங்க. குறைஞ்ச நேரத்துல, குறைஞ்ச இடத்துல, அவங்கவங்க வலுவுக்கு ஏத்த மாதிரி செய்ய இது தோதா இருந்தது. ஒரு காலேஜ்ல பிறந்த முறைதான் இது. நம்ம கிட்ட வர்றதுல ஆச்சரியம் என்ன?

இதுல இருக்கிற புத்திசாலித்தனம் வரிசையிலதான். கால் வேலை செய்யும்போது கை ஓய்வெடுக்கும். கை வேலை செய்யும்போது கால் ஓய்வெடுக்கும். தசைக்கு ஓய்வு கிடைக்கும், இதயத்துக்குக் கிடைக்காது. ஜிம்ல ஒரு செட் முடிச்சுட்டு ரெண்டு நிமிஷம் ரீல்ஸ் பாக்குற நேரம் இங்க மிச்சம்.

ஒரு விஷயத்தை இங்க கவனிக்கணும். "எடையை வேகமா தூக்கினாலே கார்டியோ ஆயிடுமே, தனியா எதுக்கு குதிக்கணும்?"னு கேப்பாங்க. ஆகாது. எடை தூக்கும்போது இறுகின தசை ரத்தக்குழாயை அழுத்துது, ரத்த அழுத்தம் ஏறுது, இதயம் வேகமாத் துடிக்குது. ஆனா ஓடும்போது போற அளவு ஆக்ஸிஜன் உடம்புக்குள்ள போகாது. வாட்ச்ல நம்பர் ஒண்ணா இருக்கும், உள்ள நடக்குற வேலை வேற. அதனாலதான் எடைக்கு நடுநடுவுல நிஜமான கார்டியோ ஸ்டேஷன் வைக்கணும்னு சொல்றேன்.

வீட்டுல என்ன இருக்கு?

நம்ம மாவட்டத்து நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம். பல்லுல கறையோட வளர்ந்த தலைமுறை நம்ம பக்கத்துல நிறைய. அதுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டு வந்து 2013-ல தண்ணி விட்டாங்க. அதுக்கு அப்புறமும் நிறைய வீட்டுல 20 லிட்டர் கேன் வாங்குற பழக்கம் போகல. தண்ணி 1 லிட்டர் 1 கிலோ. ஆக உங்க சமையலறை மூலையில 20 கிலோ எடை சும்மா நிக்குது. 5 லிட்டர் எண்ணெய் கேன்ல காஞ்ச மணல் நிரப்பினா சுமார் 8 கிலோ. பழைய புத்தகப் பையில நம்ம எம்-3 புத்தகத்துல ஆரம்பிச்சு அடுக்கினா பத்து கிலோ சாதாரணமா வரும். வாங்க வேண்டியது ஸ்கிப்பிங் கயிறு ஒண்ணுதான். ஒரு பிரியாணி காசு.

இது நான் பரிந்துரைக்கிற வரிசை. ஒவ்வொண்ணும் 40 விநாடி வேலை, 20 விநாடி மாறுற நேரம்.

1. பஸ்கி: புத்தகப் பையையோ கேனையோ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காந்து எழுந்திருக்கணும். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது.
2. ஸ்கிப்பிங்: மேல் வீட்டுக்காரங்க, கீழ் வீட்டுக்காரங்க பிரச்சினைன்னா முட்டியை உயர்த்தி நின்ன இடத்துலயே நடை.
3. தண்டால்: முடியலைன்னா சுவத்துலயோ கட்டில் விளிம்புலயோ கை ஊன்றிச் செய்யுங்க.
4. பை இழுத்தல்: முதுகை நேரா வச்சு இடுப்புல குனிஞ்சு, பையை வயித்துப் பக்கம் இழுத்து இறக்கணும். நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி கூன் போடுற முதுகுக்கு இது ரொம்ப முக்கியம்.
5. படி ஏறி இறங்குதல்: வாசப்படி, மொட்டை மாடிப் படி எதுவானாலும் சரி.
6. சுமந்து நடத்தல்: ரெண்டு கையிலயும் ஒரே அளவு தண்ணி இருக்கிற பக்கெட். தோளை இறக்கி, நிமிர்ந்து நடக்கணும்.

ஆறு ஸ்டேஷன், ஆறு நிமிஷம். நாலு சுத்து வந்தா 24 நிமிஷம். முன்னாடி அஞ்சு நிமிஷம் உடம்பைச் சூடாக்குங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் ரெண்டு வாரம் ரெண்டே சுத்தோட நிறுத்துங்க. வாரத்துக்கு 3 நாள், நடுவுல ஒரு நாள் இடைவெளி. வலுப்பயிற்சி நிபந்தனை முழுசா முடிஞ்சது. கார்டியோ பக்கம் வாரத்துக்கு 72 நிமிஷம் வருது. ஆனா அதுல பாதி எடை தூக்குற நேரம்ங்கிறதால முழு மார்க் போட மாட்டேன். மத்த நாள்ல ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி வேகமா நடந்தா மிச்சமும் சேர்ந்துடும்.

சரியான வேகமான்னு பாக்க வாட்ச் வேணாம். ஒரு சுத்து முடிஞ்சதும் கழுத்துல விரல் வச்சு 15 விநாடி எண்ணி நாலால பெருக்குங்க. நம்ம வயசுக்கு 153-லிருந்து 185-க்குள்ள இருந்தா அது மூச்சு வாங்குற உழைப்பு. அதுக்குக் கீழ 127 வரைக்கும் மிதமான உழைப்பு. எண்ணவும் சோம்பலா? சில வார்த்தைக்கு மேல பேச முடியலைன்னா வேகம் போதும்.

ரெண்டு எச்சரிக்கை. பாதி நிரம்பின கேனைத் தூக்காதீங்க, உள்ள தண்ணி அலைஞ்சு மணிக்கட்டைத் திருப்பிடும். தூக்கும்போது மூச்சைப் பிடிச்சு வைக்காதீங்க, எழும்போது வெளிய விடுங்க. ஆஸ்துமா, இதயக் கோளாறு, முட்டிப் பிரச்சினை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

எடை ஏறணும்

வீட்டுப் பயிற்சி தோத்துப் போற இடம் இதுதான். முதல் மாசம் செஞ்ச அதே அஞ்சு கிலோவை ஆறாவது மாசமும் தூக்கிட்டு, "ஒண்ணும் மாறல"ம்பாங்க. மெட்டீரியல்ஸ் லேப்ல லோடை ஏத்தாம ரீடிங் மாறுமா? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பையில ஒரு புத்தகம் கூட்டுங்க, பக்கெட்ல ஒரு லிட்டர் கூட்டுங்க. எடை கூட்ட வழியில்லைன்னா மெதுவா இறங்குங்க, எண்ணிக்கையைக் கூட்டுங்க. கனடாவோட மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல 2012-ல செஞ்ச ஆய்வுல, குறைஞ்ச எடையா இருந்தாலும் இனி ஒண்ணு கூட முடியாதுங்கிற அளவுக்குப் போனா தசை ஏறக்குறைய அதே அளவு வளருதுன்னு பார்த்தாங்க. ஆக 40 விநாடியோட கடைசி அஞ்சு விநாடி கஷ்டமா இருக்கணும். சுலபமா இருந்தா எடை பத்தலைன்னு அர்த்தம்.

இதோட எல்லையையும் சொல்லிடறேன். பவர்லிஃப்டிங் போட்டிக்கோ மராத்தானுக்கோ போறவங்களுக்கு இது போதாது. அவங்க தனித்தனியாத்தான் பயிற்சி எடுக்கணும். நான் பேசுறது அரியரும் பிளேஸ்மென்ட்டும் தலைக்கு மேல தொங்குற மீதிப் பேருக்கு.

அந்த 15 சதவீதம்

இப்போ பொண்ணுங்க விஷயத்துக்கு வர்றேன். நல்லம்பள்ளி வழியா போறது 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. பெங்களூருக்கும் சேலத்துக்கும் போற லாரி எல்லாம் அதுலதான். காலையில அஞ்சரை மணிக்கு ஒரு பையன் அந்த சர்வீஸ் ரோட்டுல ஓடினா, "தம்பி போலீஸ் வேலைக்கு ரெடியாகுதா?"ன்னு கேப்பாங்க. நான் ஓடினா என்ன கேப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். எங்க தெருப் பொண்ணுங்களுக்கு ஜிம்முன்னா தர்மபுரி டவுன்தான் ஞாபகம் வரும். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம், வீட்டுல பர்மிஷனுக்கு ஒரு வாரம். இதையெல்லாம் சோம்பேறித்தனம்னு எழுதி அந்த 57 சதவீதத்துல சேர்த்துடறோம்.

அதனாலதான் வீட்டுக்குள்ள செய்யற சர்க்யூட் எனக்கு முக்கியமாப் படுது. பாய் விரிக்கிற அளவு இடம் போதும். மொட்டை மாடியில எதிர் வீட்டுக் கண்ணு உறுத்துனா கதவைச் சாத்திட்டு ஹால்லயே செய்யலாம்.

"பொண்ணு எடை தூக்கினா உடம்பு முறுக்கேறி ஆம்பளை மாதிரி ஆயிடும்"னு சொல்றவங்களுக்கு ஒரு உயிரியல் பாடம். தசையைப் பெருக்குற டெஸ்டோஸ்டிரோன் ஆண்கள்ல சுமார் 15 மடங்கு அதிகம். மணிப்பூர் மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்ல 49 கிலோ பிரிவுல மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினாங்க. தன் எடையைப் போல நாலு மடங்கு தூக்கியும் அவங்க 49 கிலோ பிரிவுலயே இருந்தாங்க. உங்க அஞ்சு கிலோ மணல் கேனுக்கு எதுக்கு இந்தப் பயம்?

"அம்மா நாள் முழுக்க வேலை செய்றாங்களே, அவங்களுக்கு எதுக்கு எக்ஸர்சைஸ்?"ங்கிறது இன்னொரு கேள்வி. குழாயடியில இருந்து இடுப்புல குடம் வச்சு நடக்குறது எடையும் கார்டியோவும் கலந்த வேலைதான், மறுக்கல. ஆனா குடம் எப்பவும் ஒரே இடுப்புலதான். எடை படிப்படியா ஏறாது. ஓய்வு நாள் கிடையாது. தோளுக்கு மேல கை தூக்குற வேலையும் குறைவு. உழைப்பு உடம்பைத் தேய்க்கும், திட்டமிட்ட பயிற்சி உடம்பைக் கட்டும். அதனால அம்மாவையும் சேர்த்துக்கோங்க. அவங்களுக்கு நாற்காலியில உக்காந்து எழுந்திருக்கிறது, சுவர்த் தண்டால், நின்ன இடத்து நடை போதும். பிரஷர் மாத்திரை போடுறவங்கன்னா முதல்ல டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

ஆனா, "அதான் வீட்டுலயே செய்யலாமே"ன்னு சொல்லி கிரவுண்டு கதவைப் பொண்ணுங்களுக்குச் சாத்துறதுக்கு இந்தக் கட்டுரையை யாரும் சாட்சியாக் காட்டக் கூடாது. கிரவுண்டும் ஜிம்மும் எல்லாக் காலேஜ்லயும் பொண்ணுங்களுக்கும் சம நேரம் திறந்திருக்கணும். மாணவர் மன்றத்துல இருக்கிறவங்க இதை வாசிச்சா, அடுத்த கூட்டத்துல ஒரு கேள்வியா எழுப்புங்க. அது நடக்கிற வரைக்கும் காத்திருக்க நம்ம எலும்புக்கு நேரம் இல்லைங்கிறதுதான் நான் சொல்றது.

திங்கள், புதன், வெள்ளின்னு மூணு நாளைக் குறிச்சு வைங்க. ஆரம்பிக்கிற அன்னைக்கு மூணு எண்ணை நோட்டுல எழுதுங்க: காலையில எழுந்ததும் நாடித்துடிப்பு, இடுப்புச் சுற்றளவு, நிக்காம எடுக்க முடியுற தண்டால் எண்ணிக்கை. எட்டு வாரம் கழிச்சு மறுபடி எழுதுங்க. அடுத்த செமஸ்டர் இதழுக்கு அந்த ரெண்டு வரிசையையும் அனுப்பி வைங்க, பேர் போடாம பட்டியலா வெளியிடலாம்னு ஆசிரியர் குழு கிட்ட கேட்டிருக்கேன். பசங்களும் பொண்ணுங்களும் ஒரே பட்டியல்லதான் வரணும்.